இடப்பக்க இருக்கை

என் அக்காள் புருஷன் ரிசிமாட்டி மபாசாவைப் பற்றி ஃபலபோர்வாவில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். தாமிரச் சுரங்கத்தில் முப்பத்தேழு வருஷம் எலக்ட்ரீஷியன். குடி கிடையாது. அடுத்தவர் வம்புக்குப் போகமாட்டார். என் அக்காள் பசானியை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. நான் மட்டும் வேறு மாதிரி சொல்வேன். எங்கள் சோங்கா ஜனங்களிடம் அக்காள் புருஷனை எப்படி வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், மச்சினிக்கு அந்த உரிமை உண்டு. நான் அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அவருடைய அப்பா க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குள் ஒரு சுற்றுலா முகாமில் விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் உள்ளே போவதென்றால் துவைக்க, சமைக்க, குப்பை அள்ள. வண்டியில் உட்கார்ந்து ஜன்னலை இறக்கி யானையை வேடிக்கை பார்ப்பது வெள்ளைக்காரர்கள் வேலை. நிறவெறிச் சட்டம் மாறிய இரண்டாம் வருஷம் அத்தான் ஒரு பழைய வெள்ளை பிக்கப் வாங்கினார். பக்கத்தில் அக்காளை ஏற்றிக்கொண்டு நேரே பூங்கா வாசலுக்குப் போனார். வாசலில் சீட்டுக் கொடுத்தவன் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"என்ன ரிசிமாட்டி, யாருக்கு டெலிவரி?"

"எனக்குத்தான். திற."

இதை அத்தான் நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த "திற" கொஞ்சம் சத்தமாகிக்கொண்டே வரும். அந்தப் பெருமையை நான் கிண்டல் செய்ததில்லை. அது அவருக்கு நியாயமாகக் கிடைத்த பெருமை.

2002-இல் சுரங்கத்து மேஸ்திரி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் வீடியோ கேமராவை விற்றார். அதை அத்தான் வாங்கியதோடு சனி பிடித்தது என்று நான் சொல்வேன். வேலை இல்லாத நாளெல்லாம் விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் திறக்கும்போது முதல் ஐந்து வண்டிகளில் அவர் வண்டி நிற்கும். சாயந்திரம் வாசல் மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் வெளியே வருவார். பன்னிரண்டு மணி நேரம். உள்ளே வண்டியைவிட்டுக் கால் கீழே வைக்கக்கூடாது, அது சட்டம். முகாமிலும், உணவு சாப்பிடும் இடத்திலும், அணைக்கரையில் இருக்கும் பறவை பார்க்கும் மரக்குடிலிலும் மட்டும் இறங்கலாம்.

பசானி அக்காள் வாயாடி. நான் அவளுக்குப் பாதிகூட இல்லை. காய்கறிச் சந்தையில் தக்காளி வாங்கப் போனால் கடைக்காரியின் மருமகள் எத்தனை மாசம் என்பது வரை தெரிந்துகொண்டு வருவாள், தக்காளியை மறந்துவிடுவாள். பூங்காவுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வரும் வண்டியைப் பார்த்தால் இரண்டு பேரும் நிறுத்தி, ஜன்னலோடு ஜன்னலாக, "என்ன பாத்தீங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். "பாலத்துக்கிட்ட ரெண்டு சிங்கம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். அக்காள் இடப்பக்கத்திலிருந்து அத்தானின் மடிமேல் சாய்ந்து தலையை நீட்டி, "எந்த ஊரு? பிள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க? கடலை சாப்பிடறீங்களா?" என்று ஆரம்பிப்பாள். பாலத்துச் சிங்கம் அதற்குள் எழுந்து போயிருக்கும்.

முதல் சில வருஷம் அத்தான் பொறுத்துக்கொண்டார். கேமராவில் யானை தண்ணீர் குடிக்கும், பின்னால் அக்காளின் குரல், "அய்யோ, அந்தக் குட்டியப் பாருங்க, உங்க தம்பி மாதிரியே நடக்குது" என்று ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் வீட்டில் அதைப் போட்டுப் பார்த்துச் சிரிப்போம். யானையை யார் பார்த்தார்கள்?

அப்புறம் இணையத்தில் படம் போட ஆரம்பித்தார். முதல் மாசமே எங்கோ இருக்கிற ஒருவன் கீழே எழுதினான்: படம் அருமை, அந்தப் பெண் வாயை மூடினால் இன்னும் அருமை. அத்தான் அதை அக்காளிடம் படித்துக் காட்டினார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான் காட்டினார். அக்காளும் சிரித்தாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து வண்டிக்குள் பேச்சு நின்றது.

பேச்சு மட்டுமா. ஜன்னல் கட்டையில் கேமராவைத் தாங்க அக்காளே ஒரு பை தைத்து அதில் காராமணி நிரப்பிக் கொடுத்திருந்தாள். அதன்மேல் கேமரா உட்கார்ந்துவிட்டால் வண்டி அசையக்கூடாது, அதனால் அவளும் அசையக்கூடாது. வறுத்த கடலைக்குத் தடை, கடிக்கும் சத்தம் ஒலியில் விழும். வேகவைத்த கடலைக்கு அனுமதி. பிஸ்கட் பொட்டலத்தை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வரவேண்டும். மிருகம் எந்தப் பக்கம் நின்றாலும் அத்தான் வண்டியைத் திருப்பித் தன் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிடுவார். அத்தனை வருஷமும் என் அக்காள் சிறுத்தையையும் சிங்கத்தையும் அவருடைய பிடரிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தாள்.

ஒரே ஒரு தடவை நான் அவர்களோடு பின் இருக்கையில் போனேன். ஒரு பெண் சிங்கம் மூன்று குட்டிகளோடு சாலையைக் கடந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அத்தான் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"ஏன் அத்தான், தும்மறதுக்கு வாசல்லயே தனியா சீட்டு வாங்கணுமா?"

"ரெண்டு நிமிஷம் அடக்க முடியாதா?"

"உங்க பொண்டாட்டி ஏழு வருஷமா அடக்கறா. எனக்கு அந்தப் பயிற்சி இல்ல."

அக்காள் பின்னால் திரும்பி என் தொடையில் கிள்ளினாள். அவளுக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதன்பிறகு என்னை அவர் கூப்பிடவுமில்லை, நான் போகவுமில்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அக்காள் எனக்குப் போன் செய்தாள். "சசவோனா, இன்னிக்கு காலையிலேர்ந்து வண்டியில உக்காந்திருந்தேன். அவரு எங்கிட்ட பேசினது நாலே தடவ. 'நகராத'ன்னு ரெண்டு தடவ. 'தண்ணி குடு.' 'போலாம்.'" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓசியில சிங்கம் பாக்கற, இதுல உனக்குப் பேச்சுத் துணை வேறயா?" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். இன்னொரு தடவை அவள் அதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

2022 ஜூலையில் சிறுநீரகம் கெட்டு அக்காள் போய்விட்டாள். அத்தான் பணி ஓய்வு பெற இன்னும் நாலு மாசம் இருந்தது.

எங்கள் வழக்கப்படி ஒரு வருஷம் கழித்துக் கல்லறைக்குக் கல் வைத்து, போர்வை போட்டு மூடி, சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுத் திறப்போம். அடுத்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். அவர்களுடைய மகன் விசானி ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். கல் திறக்கும்போது அம்மாவின் குரலைப் போடவேண்டும் என்றான். அவனுக்கு ஆறு மாசத்துப் பெண்குழந்தை, பாட்டி பெயரையே வைத்திருக்கிறான். "அவ ஒரு தடவையாவது பாட்டி பேசறதக் கேக்கணும் சித்தி. எனக்கே குரல் மறந்துட்டு வருது. முகம் ஞாபகம் இருக்கு, குரல் வரமாட்டேங்குது."

அது ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஊரிலேயே அதிகமாக வீடியோ எடுத்தவர் வீடு அது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அத்தானும் அவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து தேடினோம். பிஸ்கட் டின்னுக்குள் ஆறு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றிலும் வருஷம், மாசம், இடம், மிருகம் என்று அவ்வளவு ஒழுங்கு. அக்காள் எதிலும் இல்லை. பழைய கேசட்டுகளில் அவள் குரல் இருக்குமே என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு மாத்தும்போது சுத்தம் பண்ணிட்டேன்," என்றார்.

"சுத்தம்னா?"

"பேச்சு வர எடத்தையெல்லாம் வெட்டிட்டேன். சில எடத்துல படம் நல்லா இருந்துச்சு, அங்க சத்தத்த மட்டும் எடுத்துட்டு வேற பறவைச் சத்தம் போட்டேன்."

"கேசட்டு?"

"அது மேலயே வேற எடுத்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். வாசலில் நின்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். போனில் குரல் பதிவு ஏதாவது அனுப்பியிருக்கிறாளா என்று பார்த்தால், அவளிடம் இருந்தது பட்டன் போன். எனக்கு வாய் இருக்கு, கூப்பிட்டுப் பேசறேன், குரல அனுப்புவாங்களா என்பாள். சர்ச் விழா வீடியோவில் இருந்தாள், ஐம்பது பேர் சேர்ந்து பாடுகிறதில் எது அவள் குரல் என்று பிரிக்க முடியவில்லை. கல்யாண வீடியோக்களில் வாய் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது.

திரும்பி உள்ளே வந்தபோது அத்தான் ஒரு சிறுத்தைப் படத்தின் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். சிறுத்தை மரக்கிளையில் படுத்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

"இங்க கேளு," என்றார்.

கேட்டேன். லேசாக ஒரு உறுமல்.

"சிறுத்தை."

"இல்ல. அவ வயிறு. அன்னிக்குக் காலைல சாப்பிடாம வந்துட்டா. வெட்டறப்ப இத விட்டுட்டேன் போல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் கண்டுபிடித்தது இதுதான்: ஒரு வயிற்றுச் சத்தம், இருக்கை கிறீச்சிடுவது ஏழெட்டு இடத்தில், ஒரு பெருமூச்சு. பெருமூச்சு அவருடையதாகவும் இருக்கலாம்.

யோசனை சொன்னது அத்தான்தான். பூங்காவுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. எந்த மிருகம், எந்த இடம், எத்தனை மணி என்று மட்டும் போடவேண்டும். காலை வணக்கம் சொன்னால்கூட நிர்வாகி அழித்துவிடுவார், இரண்டாம் தடவை சொன்னால் வெளியே தள்ளிவிடுவார். அதில் இருப்பவர்கள் எல்லாரும் அத்தான் மாதிரி ஆட்கள், எடுத்ததைத் தூக்கிப் போடாதவர்கள், தேதி போட்டு வைப்பவர்கள். அந்தக் குழுவில் அத்தான் எழுதினார்:

"பசானி மபாசா. நீலத் தலைத்துணி. வெள்ளை பிக்கப், இடப்பக்க இருக்கை. 2002 முதல் 2021 வரை, ஃபலபோர்வா வாசலிலிருந்து லெட்டாபா முகாம் வரை எல்லாச் சாலையிலும். யாருடைய வீடியோவிலாவது இவள் பேசுவது கேட்டால் அனுப்பவும். இவள் என் மனைவி. என்னிடம் இல்லை."

"அழிச்சிருவாங்க அத்தான்," என்றேன்.

"அழிக்கட்டும்."

அழிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. அந்த அம்மாவைத் தெரியும், எங்களுக்குக் கடலை கொடுத்தார். என் மகளுக்குப் பல் முளைக்கிற காலத்தில் ஈறில் என்ன தடவவேண்டும் என்று சொன்னார். 2006-இல் பாலத்துக்கிட்ட எங்கள் வண்டி நின்றுபோனபோது உதவி வரும்வரை ஜன்னல் வழியாகக் கதை சொன்னார். நாற்பதுக்கும் மேலே. யாரிடமும் வீடியோ இல்லை, எல்லாரிடமும் அவள் பேசியது இருந்தது. அத்தான் ஒவ்வொன்றாகப் படித்தார். "இவங்க எல்லார்கிட்டயும் பேசியிருக்கா," என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அன்று பிடிக்கவில்லை, ஆனாலும் பாவமாக இருந்தது.

கல் திறப்புக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், சானீனில் இருக்கும் ஹெட்டி க்ரோப்ளர் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒரு துண்டு வீடியோ அனுப்பினார். நாற்பத்தேழு நொடி. 2019 செப்டம்பர், அணைக்கரைக் குடிலின் வண்டி நிறுத்தும் இடம். விசானி அப்போதுதான் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்து இறங்கியிருந்தான். மூன்று பேரும் அவனுடைய லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.

படத்தில் ஒரு இருவாச்சிப் பறவை. அத்தானுடைய பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, வேறொரு பறவை என்று நினைத்துக்கொண்டு டொக் டொக்கென்று கொத்துகிறது. தினம் நடக்கிற கூத்து. அத்தான் இதற்கெல்லாம் கேமராவைத் தொடவே மாட்டார். கண்ணாடிக்குப் பின்னால், ஜன்னலில், நீலத் தலைத்துணி. அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சத்தமாக. விசானி வாயைப் பொத்திக்கொண்டான்.

"கொத்துடா, நல்லா கொத்து. என் வீட்டுக்காரரும் இப்பிடித்தான், ஒரு கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருப்பாரு."

எடுக்கிற அம்மாவின் குரல்: "எங்க அவரு?"

"குடிலுக்குள்ள. ஒரு முதலை இருக்கு. போன கிறிஸ்துமஸ்லேர்ந்து அது அசையல, இவரும் அசையல."

"நீங்க போகலியா?"

"எனக்கு மூச்சு இழுக்குது, அது ஒலியில விழுமாம்." சிரிப்பு. "எனக்கு இந்த மிருகமெல்லாம் பெருசா பிடிக்காதுங்க. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன."

"அப்பறம் ஏன் வரீங்க?"

பறவை ஒரு கணம் கொத்துவதை நிறுத்தியது. அக்காள் குரல் கொஞ்சம் தணிந்தது.

"வீட்டுல இருந்தா சுரங்கம், தூக்கம், மறுபடி சுரங்கம். இங்க வண்டியவிட்டு எறங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? பகல் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தா பேசித்தானே ஆகணும்னு நெனச்சேன். எனக்கென்ன தெரியும். சரி, ரிட்டயர் ஆகட்டும். அப்ப எங்க போயிடுவாரு? பேசுவாரு."

அதோடு முடிந்தது.

இத்தனை வருஷமாக அத்தானிடம் கேட்க நான் சேர்த்துவைத்திருந்த கேள்வி அத்தனையும் அக்காளே கேட்டு முடித்துவிட்டாள், அதுவும் சிரித்துக்கொண்டே. விசானி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்பா, சனிக்கிழமை பெரியப்பா, மாமா எல்லாரும் வருவாங்க. அம்மா சிரிக்கிறதும் முதலைக் கதையும் போதும். கடைசி இருபது செகண்ட வெட்டிடவா?"

அத்தான் தலையை ஆட்டினார்.

"வேணாம்டா. உங்கம்மாவ வெட்டினது போதும்."

சனிக்கிழமை காலையில் போர்வையை எடுத்ததும் ஒலிபெருக்கியில் போட்டோம். முதலைக்கு எல்லாரும் சிரித்தார்கள், பாதிரியாரும் சிரித்தார். கடைசியில் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்தார், முகத்தை மறைக்கவில்லை. பாதிரியார் பாட்டை ஆரம்பிக்கப் போனபோது கைகாட்டி நிறுத்தினார்.

"எனக்குக் கொஞ்சம் அவகிட்ட பேசணும்," என்றார். "நீங்க எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

நாங்கள் பந்தலுக்கு வந்தோம். சோறும் இறைச்சியும் பரிமாறி, இரண்டு பந்தி முடிந்து, பாத்திரம் கழுவவும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் தட்டில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் போனேன். அவர் கல்லுக்குப் பக்கத்தில், தரையில், இடது பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். இன்னும் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசக்கூடாது என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றேன்.